சைக்கிள் வாங்கித் தருவதா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதா?

பொதுத்தேர்வு வருகிற வருடம் நம் வீடுகளில் இரண்டு குரல் கேட்கும். "450 எடுத்தா சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்பது ஒன்று. "அவனை விடுங்க, தானா படிப்பான்" என்பது இன்னொன்று. முதலாவது நடத்தையியல் வழி, இரண்டாவது மனிதநேய உளவியல் வழி என்று பி.எட். படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். அந்த இரண்டு கோட்பாடுகளையும் சரியாகப் படித்தால் அப்படிச் சொல்ல முடியாது. சைக்கிள் பேரத்தை நடத்தையியலின் பெரிய பெயரான ஸ்கின்னர் ஏற்க மாட்டார். "அவனை விடுங்க" என்பதை மனிதநேய உளவியலின் பெரிய பெயரான ரோஜர்ஸ் ஏற்க மாட்டார். நாம் இரண்டின் பெயரையும் சொல்லிவிட்டு இரண்டையும் செய்யாமல் இருக்கிறோம்.

ஆகவே இந்த ஒப்பீடு, உண்மையான நடத்தையியலுக்கும் உண்மையான மனிதநேய உளவியலுக்கும் இடையில். ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை பிள்ளை வைத்திருக்கும் ஒரு அம்மாவோ அப்பாவோ, நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியரோ எந்த நேரத்தில் எதைக் கையில் எடுக்கலாம் என்பதுதான் கேள்வி. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறிப்பிட்ட ஒரு செயலைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டுமானால் நடத்தையியல் வேகமானது, நம்பகமானது. பிள்ளைக்கு எதன் மேல் விருப்பம், தன்னைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்பது பிரச்சினையானால் நடத்தையியல் உதவாது. சில நேரம் கெடுக்கும். அங்கே மனிதநேய வழி ஒன்றே பொருந்தும்.

நடத்தையியல் உண்மையில் என்ன சொல்கிறது

1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் ஒரு கட்டுரையில் அறிவித்தார்: மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஊகிப்பதை விட்டுவிடுவோம், கண்ணுக்குத் தெரிகிற நடத்தையை மட்டும் ஆராய்வோம். அறிவியலுக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் அவரே 1928இல் பெற்றோருக்காக எழுதியபோது, குழந்தைகளைக் கட்டி அணைக்காதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்று அறிவுரை சொன்னார். இதற்கு எந்த ஆய்வும் ஆதாரமாக இல்லை. நடத்தையியல் என்றாலே ஈரமற்றது என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அவரும் ஒரு காரணம். அந்தப் பெயரை வைத்தே முழுக் கோட்பாட்டையும் ஒதுக்குவது நியாயமில்லை.

பி. எஃப். ஸ்கின்னரிடம் வரும்போதுதான் விஷயம் தெளிவாகிறது. அவர் சொன்னது எளிமையானது: ஒரு செயலுக்குப் பின்னால் என்ன கிடைக்கிறதோ, அதுவே அந்தச் செயல் மறுபடி நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. செயல் மறுபடி நடக்கும் வாய்ப்பைக் கூட்டுகிற எதுவும் வலுவூட்டல். சாக்லேட், பாராட்டு, ஒரு புன்னகை, அடுத்த பக்கத்தைத் திருப்பும் ஆவல், எல்லாமே அதில் அடங்கும். அவருடைய பார்வையில் 'ஆளுமை' என்று உள்ளே தனியாக ஒன்று உட்கார்ந்திருக்கவில்லை. பிறவியில் வந்தது போக, இதுவரை எந்தெந்தச் செயலுக்கு எது கிடைத்தது என்ற நீண்ட வரலாறுதான் ஒருவரின் குணம் என்று நாம் அழைப்பது. "அவன் சோம்பேறி" என்று சொன்னால் ஸ்கின்னர் திருப்பிக் கேட்பார்: எந்த நேரத்தில், எந்த வேலையில், அதைச் செய்தால் அவனுக்கு என்ன கிடைக்கிறது, செய்யாவிட்டால் என்ன கிடைக்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைமேல் பட்டம் ஒட்டுவதை அது நிறுத்துகிறது. சோம்பேறி, முரடன், மந்தம் என்ற சொற்களுக்கு அங்கே இடமே இல்லை.

இப்போது சைக்கிளுக்கு வருவோம். வலுவூட்டல் வேலை செய்ய மூன்று விஷயம் வேண்டும்: செயலுக்கு உடனே பின்னால் வர வேண்டும், சின்னச் சின்னப் படிகளுக்கு வர வேண்டும், பிள்ளையின் கையில் இருக்கிற செயலுக்கு வர வேண்டும். சைக்கிள் இந்த மூன்றிலும் தோற்கிறது. ஜூனில் சொன்ன பரிசு அடுத்த மே மாதம் வருகிறது. நடுவில் முந்நூறு மாலைகள். அவற்றில் அந்தப் பையன் புத்தகத்தைத் திறந்ததற்கு எதுவும் கிடைக்கவில்லை, மூடியதற்கு மட்டும் உடனே நிம்மதி கிடைத்தது. 450 என்பது அவன் செய்கிற செயலும் இல்லை. கேள்வித்தாள், திருத்துபவர், அன்றைய காய்ச்சல் எல்லாம் சேர்ந்து தருகிற விளைவு அது.

1953 நவம்பரில் ஸ்கின்னர் தன் மகளின் நான்காம் வகுப்புக் கணக்கு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கணக்கை ஒரே வேகத்தில் போட வேண்டியிருந்தது. விடை சரியா என்று தெரிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் அறியாமலே கற்றலின் அடிப்படை விதிகள் மீறப்படுகின்றன என்று அவருக்குப் பட்டது. சில நாட்களிலேயே, ஒவ்வொரு கணக்குக்கும் விடை சரியா என்று உடனுக்குடன் காட்டும் ஓர் இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார். அந்த இயந்திரம் பரவவில்லை. ஆனால் "போட்டவுடன் தெரிய வேண்டும்" என்ற எண்ணம் இன்று கைப்பேசியில் மொழி கற்றுத்தரும் செயலி வரை வந்திருக்கிறது.

தண்டனை பற்றியும் ஒரு வார்த்தை. நடத்தையியல் என்றால் பிரம்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கின்னர் வாழ்நாள் முழுதும் தண்டனையை எதிர்த்தார். தண்டனை அந்த நேரத்துக்குச் செயலை அடக்கி வைக்கும், அழிக்காது. தண்டிப்பவர் இல்லாத இடத்தில் அது திரும்ப வரும். பயமும் ஒளிந்து செய்யும் பழக்கமும் கூட வரும். நம் நாட்டில் கல்வி உரிமைச் சட்டம், 2009, 17ஆம் பிரிவில் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் வந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆய்வுக்கூடத்து முடிவும் அதே பக்கம்தான் நிற்கிறது.

மனிதநேய உளவியல் எங்கிருந்து வந்தது

ஆபிரகாம் மாஸ்லோவின் கதையைச் சொன்னால் போதும். அவர் இளமையில் நடத்தையியலில் ஈர்க்கப்பட்டவர். விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோவிடம் குரங்குகளை வைத்து ஆராய்ந்து 1934இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு முதல் குழந்தை பிறந்தது. குழந்தை பெற்ற யாரும் நடத்தையியலாளராக இருக்க முடியாது என்று பின்னாளில் அவர் சொன்னார். 1943இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் பசி, பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, அதற்கு மேல் தன்னை முழுமையாக மலர்த்திக்கொள்ளும் ஆசை என்ற தேவைகளின் அடுக்கு வருகிறது. பாடப்புத்தகங்களில் வரும் முக்கோணத்தை அவர் வரையவில்லை. இந்த வரிசை கறாரானது இல்லை, மாறலாம் என்றும் அவரே எழுதியிருக்கிறார். முடிவெடுக்க மாஸ்லோவிடம் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: தூக்கமும் பாதுகாப்பும் இல்லாத பிள்ளையிடம் ஆர்வத்தைத் தேடாதீர்கள். அம்மா அப்பா தினமும் சண்டை போடும் வீட்டில், நல்லது செய்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தரும் அட்டையும் வேலை செய்யாது, இதமான பேச்சும் வேலை செய்யாது.

கார்ல் ரோஜர்ஸிடம்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ரோஜர்ஸ் தன் சிறுவயது வீட்டின் நிலவறையில் குளிர்காலத்துக்காகப் போட்டு வைத்திருந்த உருளைக்கிழங்குகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மேலே இருந்த சின்ன ஜன்னலின் வெளிச்சத்தைத் தேடி அவை வெளிறிய முளைகளை நீட்டிக்கொண்டிருந்தனவாம். மோசமான சூழலிலும் உயிர் வளரவே முயல்கிறது என்பதுதான் அவருடைய கோட்பாட்டின் மையம். மனிதர்களுக்கு வளரும் உந்துதலை வெளியிலிருந்து ஊற்ற வேண்டியதில்லை. அது இருக்கிறது, அதைத் தடுக்காமல் இருக்கிற சூழல்தான் தேவை. அந்தச் சூழலுக்கு அவர் மூன்று அடையாளம் சொன்னார்: எதிரில் இருப்பவரை நிபந்தனையில்லாமல் ஏற்பது, அவர் பார்க்கிறபடி உலகைப் பார்த்துப் புரிந்துகொள்வது, நடிக்காமல் இருப்பது.

அவர் சொன்னதில் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது, மதிப்புக்கு வைக்கப்படும் நிபந்தனை. "நல்லா மார்க் வாங்கினால்தான் அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கும்" என்று எந்த அம்மாவும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மார்க் வந்த நாளில் வீட்டில் பாயசமும், வராத நாளில் கனத்த மௌனமும் இருந்தால் பிள்ளை அதைச் சரியாகவே படித்துக்கொள்கிறது. நான் இருப்பதற்காக யாரும் என்னை நேசிக்கவில்லை, நான் வாங்குவதற்காக நேசிக்கிறார்கள் என்று. அப்புறம் தான் உண்மையில் எப்படி இருக்கிறேன் என்பதும், எப்படி இருந்தால் ஏற்பார்கள் என்பதும் இரண்டாகப் பிரிகின்றன. அந்த இடைவெளியில்தான் பதற்றமும் வெறுமையும் குடியேறுகின்றன என்றார் ரோஜர்ஸ்.

இது வெறும் தத்துவம் இல்லை. 2004இல் அஸோர், ரோத், டெசி ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரின் நிபந்தனை கலந்த அன்பைப் பற்றியது. எதிர்பார்த்ததைச் செய்தால் அன்பு கூடும், செய்யாவிட்டால் குறையும் என்று உணர்ந்து வளர்ந்தவர்கள் பெற்றோர் விரும்பியதைச் செய்தார்கள். ஆனால் உள்ளே யாரோ விரட்டுவதைப் போல உணர்ந்து செய்தார்கள். சாதித்த மகிழ்ச்சி சீக்கிரம் கரைந்தது. பெற்றோர்மேல் கோபமும் இருந்தது. காரியம் நடந்தது, உறவு போயிற்று. இந்த ஒரு முடிவை மட்டுமாவது ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"அவனை விடுங்க" என்பது ஏன் ரோஜர்ஸ் இல்லை என்பது இப்போது புரியும். விட்டுவிடுவது, கவனிக்காமல் போவது. ரோஜர்ஸ் கேட்பது அதைவிடப் பல மடங்கு உழைப்பு. பெண் வந்து, "அப்பா, எனக்குக் கணக்கே பிடிக்கலை" என்கிறாள். நம் வாயில் உடனே வருகிற பதில்கள்: "பிடிக்கலைன்னா விட்டுட முடியுமா?", "உன் வயசுல நான்...", "ட்யூஷன் மாத்திடலாம்." ரோஜர்ஸ் வழியில் பதில் இப்படி இருக்கும்: "நோட்டைத் திறந்தாலே வெறுப்பா இருக்காம்மா?" அவள் கொஞ்சம் யோசித்து, "வெறுப்பு இல்லப்பா, எல்லார் முன்னாடியும் போர்டுல போடச் சொல்றாங்க" என்பாள். பிரச்சினை கணக்கிலேயே இல்லை. ட்யூஷன் மாற்றியிருந்தால் அது தெரிந்திருக்காது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது.

இரண்டு பேரும் நேருக்கு நேர்

1956 செப்டம்பரில் சிகாகோவில் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் ஸ்கின்னரும் ரோஜர்ஸும் ஒரே மேடையில் வாதிட்டார்கள். 'சயின்ஸ்' இதழ் அதே ஆண்டு அதை வெளியிட்டது. ஸ்கின்னரின் வாதம்: கட்டுப்பாடு எங்கும் இருக்கிறது. பெற்றோர், ஆசிரியர், விளம்பரம், அரசு எல்லாரும் நம் நடத்தையை வடிவமைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். "நான் கட்டுப்படுத்த மாட்டேன்" என்று நல்லவர்கள் ஒதுங்கினால் அந்த வேலை வேறு கைக்குப் போகும். ரோஜர்ஸின் வாதம்: நடத்தையை மாற்றும் அறிவு வளர்கிறது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் யார் யாரைக் கட்டுப்படுத்துவது, எந்த நோக்கத்துக்காக? அந்த நோக்கத்தை அறிவியல் தராது. அது மனிதர்கள் செய்யும் தேர்வு.

எழுபது வருடம் கழித்தும் இரண்டு பக்கமும் எனக்கு உயிரோடு இருக்கிறது. ஸ்கின்னர் சொன்னதற்கு இன்று நம் பிள்ளைகளின் கையிலேயே சாட்சி இருக்கிறது. கைப்பேசி விளையாட்டில் எப்போது பரிசு வரும் என்று தெரியாது, ஆனால் வரும். இப்படி ஒழுங்கில்லாமல் வரும் வலுவூட்டல்தான் செயலை மிகப் பிடிவாதமாக்கும் என்பதை ஸ்கின்னரும் அவருடைய சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டரும் 1957இல் விரிவான பதிவுகளோடு காட்டிவிட்டார்கள். "நான் என் பிள்ளைக்கு எதையும் திணிக்க மாட்டேன்" என்று சொல்லும் வீட்டில், அந்தத் திணிப்பை ஒரு செயலி செய்கிறது. அதனால் கைப்பேசி விஷயத்தில் நான் தயங்காமல் ஸ்கின்னர் பக்கம். சூழலை மாற்றுங்கள்: படுக்கையறைக்குள் சார்ஜர் வேண்டாம், சாப்பாட்டு மேசையில் யாருக்கும் போன் வேண்டாம், அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

பரிசு கெடுக்குமா?

முடிவெடுக்க மிகவும் உதவும் ஆய்வு இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், தாமாகவே ஸ்கெட்ச் பேனா எடுத்து ஆசையாகப் படம் வரைகிற குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு எதுவும் சொல்லாமல், வரைந்த பிறகு திடீரென்று அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அந்தப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்பே பேரம் பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுமார் பாதி நேரம்தான் வரைந்தார்கள். திடீரென்று பரிசு வாங்கியவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பே எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் இதேபோல ஒன்றைக் கண்டிருந்தார். புதிர் போடக் காசு வாங்கியவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். வாய்ப் பாராட்டுக்கு அந்தக் கெடுதி வரவில்லை. இதற்கெல்லாம் முன்பே ஹார்லோவின் குரங்குகள் எந்த உணவும் இல்லாமல் பூட்டுப் புதிர்களைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தன. உணவைச் சேர்த்தபோது அந்த ஈடுபாடு குலைந்தது.

நடத்தையியலாளர்கள் இதை ஏற்கவில்லை. 1994இல் கேமரூனும் பியர்ஸும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கெடுதி மிகச் சில சூழலில்தான் என்றார்கள். 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 ஆய்வுகளைச் சேர்த்து, முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கும் பொருள் பரிசு ஏற்கெனவே உள்ள ஆர்வத்தைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆனால் வீட்டுக்கு வேண்டிய அளவுக்கு இரண்டு தரப்பும் ஒத்துப்போகிறது: பிள்ளைக்கு ஆர்வமே இல்லாத வேலைக்குப் பரிசு கொடுத்தால் கெட்டுப்போக அங்கே ஆர்வம் இல்லை, எதிர்பாராத பரிசு கெடுப்பதில்லை, உண்மையான பாராட்டு பெரும்பாலும் நல்லது செய்கிறது. ஆபத்தான ஒரே கலவை, பிள்ளை தானாகவே ஆசையோடு செய்கிற காரியம், அதன்மேல் முன்கூட்டியே பேசிய பேரம்.

கதைப் புத்தகம் படிக்கிற பிள்ளைக்குப் புத்தகத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசாதீர்கள். பாட்டில் ஆசையுள்ள பிள்ளையிடம் போட்டிப் பரிசை முன்னால் நிறுத்தாதீர்கள். பல் தேய்ப்பது, பையை எடுத்து வைப்பது, வாய்ப்பாடு, கையெழுத்துப் பயிற்சி ஆகியவற்றுக்கு நட்சத்திரம் ஒட்டினால் பெரிதாக எதுவும் கெடாது.

எதற்கு எது

சில சூழலில் தேர்வு மிகத் தெளிவு. படுக்கையை நனைக்கும் பிள்ளை என்றால் நடத்தையியல்தான். 1938இல் மௌரர் தம்பதி, ஈரம் பட்டதும் மணி அடிக்கும் விரிப்பை வைத்து இதைச் சரிசெய்து காட்டினார்கள். அதன் இன்றைய வடிவத்தைக் குழந்தை மருத்துவர்கள் இப்போதும் பரிந்துரைக்கிறார்கள். பிள்ளையின் மன ஆழத்தைத் தோண்ட வேண்டியதில்லை, திட்டவும் கூடாது. நாய், இருட்டு, ஊசி போன்ற குறிப்பிட்ட பயங்களும் அப்படியே. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து அந்தப் பயத்தைப் போக்கினார். இன்றும் பயத்துக்கான சிகிச்சையின் எலும்புக்கூடு அதுதான்: படிப்படியாக, பாதுகாப்பாக, விலகி ஓடாமல்.

தினசரி வீட்டுப்பாடம் நடுவில் நிற்கிறது. தொடங்குவது பெரும்பாடாக இருந்தால் ஸ்கின்னர் வழியில் படியைச் சின்னதாக்குங்கள்: பத்து நிமிடம், ஒரே பாடம், முடித்தவுடன் பிடித்த ஏதோ ஒன்று. சில வாரத்தில் பரிசை இடைவெளி விட்டு, பிறகு மெதுவாகக் கழற்றுங்கள். கழற்றுகிற திட்டம் இல்லாமல் பரிசைத் தொடங்கக் கூடாது. பத்து நிமிடம் பல நாள் நடந்தும் முகம் வாடியே இருந்தால் நிறுத்திவிட்டு, மேலே சொன்ன அப்பாவைப் போலக் கேளுங்கள்.

பதின்ம வயதில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளைக்குப் பரிசும் அட்டவணையும் கிட்டே வரக் கூடாது. அங்கே ரோஜர்ஸ் மட்டுமே. தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் எல்லாம் மாறியிருந்தால் மனநல மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்ற தேர்விலும் மனிதநேய வழிதான். பயாலஜி எடுத்தால் ஐபோன் என்று பேரம் பேசிச் சேர்த்துவிடலாம், பிள்ளை சேர்ந்தும்விடும். அதற்குப் பிறகு வருகிற இருபது வருடத்துக்கு வலுவூட்ட யாரிடமும் ஐபோன் இருக்காது.

ஆசிரியருக்குக் கணக்கு வேறு. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஒவ்வொருவரையும் ரோஜர்ஸ் போலக் கேட்க நேரம் கிடையாது. அங்கே 1969இல் பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் மூவரும் சோதித்த 'நல்ல நடத்தை விளையாட்டு' போன்ற முறை வரம்: வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, விதிகளை மீறாத குழுவுக்குச் சின்னச் சலுகை. பின்னாளில் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் முதல் வகுப்பில் இதை விளையாடியவர்களை இளைஞர்களாகும் வரை தொடர்ந்தபோது, சின்ன வயதில் முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடம் போதைப் பழக்கம் குறைந்திருந்தது. மனிதநேய வழியை ஆசிரியர் முழுதாக இழக்க வேண்டியதில்லை. விதிகளை வகுப்பே பேசி எழுதட்டும். தவறு செய்தவனிடம் எல்லார் முன்னாலும் பேசாமல், மணி அடித்த பிறகு தனியாகப் பேசலாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நடத்தையியல் பயிற்சிக்கு இந்தத் துறையில்தான் பெரிய பெயர். 1987இல் உளவியலாளர் லோவாஸ் வாரம் 40 மணி நேரப் பயிற்சியில் 19 குழந்தைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலப் படிக்கும் நிலைக்கு வந்ததாக அறிவித்தார். அதே பயிற்சியில் குழந்தைகளைப் பார்த்துக் கத்துவதும் அடிப்பதும்கூட இருந்தன; ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் அந்தப் பயிற்சி முறையின் கொடுமையை இன்று எழுதுகிறார்கள். பேசவும் கேட்கவும் தன் தேவையைச் சொல்லவும் கற்றுக்கொடுக்கும் மையம் என்றால் யோசிக்கலாம். கையை ஆட்டுவதை நிறுத்த வைப்பதும், கண்ணைப் பார்க்க வைப்பதும் முதல் குறிக்கோள் என்று சொல்லும் மையத்திலிருந்து வெளியே வந்துவிடுங்கள். யாருக்காக மாற்றுகிறோம் என்று ரோஜர்ஸ் கேட்ட கேள்வியை இங்கேதான் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டும் சேரும் இடம்

1966இல் ரோஜர்ஸின் முன்னாள் சகா சார்லஸ் ட்ரூவாக்ஸ், ரோஜர்ஸ் நடத்திய ஒரு சிகிச்சையின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். நிபந்தனையில்லாத ஏற்பு என்று பெயர்பெற்ற அவரே, நோயாளி சில வகையில் பேசும்போது அதிகக் கனிவும் புரிதலும் காட்டியிருந்தார்; அந்தப் பேச்சு காலப்போக்கில் அதிகமாகியிருந்தது. அதாவது, தெரியாமலே வலுவூட்டிக்கொண்டிருந்தார். ஸ்கின்னர் சொன்னதுபோலக் கட்டுப்பாடு இல்லாத உறவு இல்லை.

மறுபக்கம் இது. நடத்தையியலில் பயிற்சி பெற்ற வில்லியம் மில்லர், 1980இல் குடிப்பழக்கத்துக்கு நடத்தையியல் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். யார் குடியைக் குறைத்தார்கள் என்பதை அதிகம் தீர்மானித்தது, பயிற்சி அளித்தவருக்கு எவ்வளவு புரிந்துகேட்கும் மனம் இருந்தது என்பதுதான். அவர் 1983இல் முன்வைத்த உரையாடல் முறை ரோஜர்ஸின் கேட்கும் கலையை எடுத்துக்கொண்டு, ஒரு குறிக்கோளையும் கூடவே வைத்தது: மாறுவதற்கான காரணத்தை மருத்துவர் சொல்லாமல், குடிப்பவரே தன் வாயால் சொல்லும்படி கேட்பது. நான் பார்த்தவற்றில் பெற்றோருக்கு மிகவும் உதவக்கூடிய முறை இது. "ஏன் படிக்கலை?" என்று கேட்டால் படிக்காததற்குக் காரணம்தான் வரும். "போன வாரம் அந்த ஒரு பாடத்தை மட்டும் எப்படி முடிச்ச?" என்று கேட்டால், படிப்பதற்கான காரணம் அவன் வாயிலிருந்தே வரும். அது வந்தவுடன் உங்கள் முகம் மலர்ந்தால் அதுவும் ஒரு வலுவூட்டல்தான், சைக்கிளைவிட உடனே கிடைக்கிற ஒன்று.

ஆலோசகரிடம் போவதாக முடிவு செய்தால் முதல் சந்திப்பில் இரண்டு கேள்வி கேளுங்கள். "எந்தப் பழக்கம், எவ்வளவு நாளில் மாற வேண்டும் என்று எழுதிக்கொள்வோமா?" என்பது ஒன்று. "என் பிள்ளைக்கு இதில் விருப்பமா என்று அவனிடம் தனியாகக் கேட்பீர்களா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்க நேரும். இரண்டாவதற்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள், அவருடைய சுவரில் எத்தனை பட்டம் தொங்கினாலும் சரி.